வேரடியான் வந்த விதம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பளச் சீட்டில் கையெழுத்தும், பால்மாவு டின்னில் பிள்ளைகளின் பேரும்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னே நடந்தது பின்னால் வந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் பேர் எதையும் நான் எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மலேசியாவில், நெகிரி செம்பிலானில் எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் கிடையாது, எல்லாம் செம்பனை. நடுவில் ஒரே ஒரு கிழட்டு ரப்பர் மரம் மட்டும் நிற்கிறது. குத்தகைக்காரர்கள் அதை வெட்டப் பயந்து விட்டுவிட்டார்கள். அதன் அடியில் தகரக் கூரை போட்டு ஒரு கல் இருக்கிறது. வேரடியான் என்று பேர். செத்தவர்களின் சாமி. அம்பாங்கானிலிருந்து காரில் வருகிறார்கள், போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். மரத்தைப் பார்த்து, செத்துப்போனவர் பேரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு நிற்பார்கள். ஓர் இலை விழுந்தால், "வந்துட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சாமி எங்கிருந்தும் வரவில்லை. பிள்ளைகளைத் தூங்க வைக்க நான் உண்டாக்கினேன்.

இதை நாற்பது வருஷத்துக்கு மேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு தாய்க்கு இருக்கிற ஒரே ஆறுதல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் மானம்.

நான் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவள். விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுவது, அதற்குப் போகிற பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு மரம் சீவப் போவார்கள். சீவின ரப்பர் பாலை எடைபோட்டு நிறுத்து முடித்து வருவதற்கு மதியம் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். கைக்குழந்தைகளுக்குச் சேலைத் தொட்டில், மற்றவர்களுக்குப் பாய். ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் எல்லாம் என் பொறுப்பு. முப்பதுக்குக் குறையாது. நான் ஒருத்திதான்.

எனக்குப் பிள்ளை இல்லை. பெரியவர்கள் நடுவில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூட அடுப்படிப் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்னால் எனக்குப் பேச்சு கொட்டும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

முதலில் சும்மா ஒரு கதையாகத்தான் ஆரம்பித்தேன். ரப்பர் மரத்து வேருக்குக் கீழே ஒரு நாடு இருக்கிறது என்றேன். அங்கே வானம் கிடையாது, மேலே முழுக்க வேர்தான். செத்தவர்கள் அங்கே எங்களைப் போலவே வரிசை வீட்டு லயத்தில் குடியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் குழாய் உண்டு, மழை ஒழுகாது. அந்த நாட்டுக்கு ராசா வேரடியான். எமனைப் போல எருமை எல்லாம் இல்லை, நடைதான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். கண் இரண்டும் ரப்பர் கொட்டை மாதிரி வரிவரியாக, பளபளவென்று இருக்கும். காலையில் அவரும் பெரட்டு எடுப்பார். செத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் பதில் சொன்னால் மேலே மரத்திலிருந்து ஓர் இலை விழும். மரத்தில் வடிகிற பால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, கீழே இருக்கிறவர்கள் நமக்குக் கொடுத்தனுப்புகிறார்கள் என்றேன். அதற்கு அந்தப் பிள்ளை, "அப்ப ஏன் தொர எடுத்துக்கிறாரு?" என்றது.

கதை நல்ல கதைதான். நான் கெடுத்தேன். முப்பது பிள்ளைகளைப் படுக்க வைக்கிறது லேசில்லை. ஒருநாள் அலுத்துப்போய், வேரடியான் மத்தியானத்தில் மேலே வருவார், அசைகிற பிள்ளைகள் பேரை எல்லாம் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு போவார் என்று சொல்லிவிட்டேன். கொட்டகையே அடங்கிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக உட்கார்ந்து சூடாகத் தேத்தண்ணி குடித்தேன். அதற்குப் பிறகு தினமும் சொன்னேன்.

அடங்காதவள் ஒருத்தி இருந்தாள். நாலு வயது இருக்கும். அவள் அம்மா மேல்தீம்பாரில், அதாவது மேட்டுப் பக்கத்து ரப்பர் காட்டில் மரம் சீவுகிறவள், என்னைவிட மூன்று நாலு வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். மகள் பெரிய வாலு. எல்லாரும் கண்ணை மூடும்போது இவள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். வேரடியான் வந்தால் காலைத் தடுக்கி விடுவேன் என்பாள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, அவள் பேரைச் சொல்லி, "நாளைக்கு மொத பேரு ஒம்பேருதான், பாத்துக்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாளா, இரண்டு நாள் கழித்தா, சரியாகத் தெரியவில்லை. இருட்டோடு தங்கச்சி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "லேசா ஒடம்பு சுடுதுக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள். அவளுக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. நான் பிள்ளையை வாங்கிப் பாயில் கிடத்திப் போர்த்திவிட்டேன். அதற்குள் இரண்டு கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன.

அன்று அவள் அசையவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். காலையில் வேலைக்கு நடுவே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வந்த பெண்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன், இன்றைக்கு அந்த வாலுகூட அடங்கிவிட்டது பாருங்கள் என்று. அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரயும் ஒருநாள் கொண்டாந்து போடறேன் ஆயா. சம்பள நாளுல மட்டும் படுக்க வச்சிருங்க, போதும்." எல்லாரும் சிரித்தோம். அந்தப் பிள்ளையின் பாயிலிருந்து நாலடி தள்ளி நின்றுதான் சிரித்தோம்.

பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது, கண்ணைத் திறக்காமல் மெதுவாகக் கேட்டாள்: "நான் அசையலல்ல ஆயா?"

நான் சொன்னேன்: "நல்ல புள்ள. அப்படியே கெட. ஒம்பேர விட்டுட்டுப் போயிருவாரு."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. குனிந்திருந்தால் கை எட்டியிருக்கும்.

தங்கச்சி பால் நிறுத்துவிட்டு வந்து தூக்கினபோது பிள்ளை அனலாகக் கொதித்தது. கழுத்து நிற்கவில்லை. தோட்டத்து மருந்துக்கொட்டகை டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு உடனே பால் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் போய்விட்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் பிள்ளையின் அப்பா லயத்தில் சொல்லி அழுதார். தங்கச்சி தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், உடம்பு சுடுகிற பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனேனே என்று. நான் பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையைத்தான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்குக் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேரடியான்னா யாரு? லாரில போறப்ப, வேரடியான் பேரு கூப்புட்டாரும்மான்னு சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு யாரும் பிள்ளையை என்னிடம் விடமாட்டார்கள் என்று நினைத்தேன். முதலில் அதைத்தான் நினைத்தேன். பிறகுதான் அவளை நினைத்தேன். "எங்கம்மா ஊரு சாமி, தங்கச்சி. செத்துப்போன சின்னப் புள்ளைங்கள மடியிலயே வச்சிக்குவாரு. எறக்கி விடமாட்டாரு" என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு நன்றி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் வைத்தாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மகள் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். பிள்ளைகள் அவளிடம் இலைக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரொம்ப நேரம் கழித்து ஓர் இலை விழுந்தது. அதை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தோட்டத்தில் மரத்தடியில் ஒரு கல்லை வைத்தால் அது கல்லாக இருக்காது. அடுத்த மாதம் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி வந்தாள். பிறகு ஆம்பிளைகள் தகரம் போட்டார்கள். இந்தச் சாமிக்கு என்ன படைக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நான் பால்சோறு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆடு கோழி வெட்டலாமா என்றார்கள். வேண்டாம் என்றேன். என்ன கிழமை என்றார்கள். அதற்கும் ஒன்றைச் சொன்னேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க எத்தனை பொய் வேண்டியிருக்கிறது. வெட்கப்பட்டு நான் பேசாமல் நின்றால், சாமி பேரைச் சொல்லவே ஆயா பயப்படுகிறாள் பார் என்று இன்னும் பயந்தார்கள்.

வேதக்காரப் பெண் ஒருத்திகூட வருவாள். கும்பிட மாட்டாள். தகரத்துக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, புருஷன் பேரைக் கூப்பிட்டு, இலை விழுந்ததும் போய்விடுவாள். இலையுதிர் மாதத்தில் வருகிறவர்களுக்கு உடனே பதில் கிடைக்கும். மற்ற மாதங்களில் வெயிலில் கழுத்து வலிக்க நிற்பார்கள். அவர்கள் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. வீட்டுக்குள் போய்விடுவேன்.

ஒரு தடவை ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் போனேன். அந்தப் பிள்ளை பேரைக் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. மாசி மாதம். மரம் முழுக்க உதிர்ந்துகொண்டிருந்தது. எது பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

வருஷம் ஓடிவிட்டது. கொட்டகையை இடித்தார்கள், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். தங்கச்சிக்கு அதன் பிறகு ஒரு மகன் பிறந்து, அவன் ஃபேக்டரி வேலைக்குப் போய், குடும்பம் செனாவாங் டவுனுக்குப் போய்விட்டது. ஒரு வருஷம் தவறாமல் மகள் போன தேதிக்கு மட்டும் தங்கச்சி மரத்தடிக்கு வந்துவிடுவாள். நான் தோட்டத்துக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் தம்பி மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் வருகிற நாளில் எனக்கு மட்டும் எப்படியோ உடம்பு முடியாமல் போய்விடும்.

இப்போது அந்த இடம் வீடு கட்ட விற்றாகிவிட்டது. சாமியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கோயில் கமிட்டித் தலைவர் செனாவாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். அவரும் என் கொட்டகையில் வளர்ந்தவர்தான், ஆனால் அந்தப் பிள்ளை போன பிறகு பிறந்தவர். ஒருநாள் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஆயாம்மா, நெலம் குடுக்கறவன் சாமிக்கும் நம்மள மாதிரி அடையாளக் கார்டு, ஐசி கேக்கறான்லா. எந்த ஊரு, யாரு கொண்டாந்தது, எத்தன வருசம், எல்லாம் எழுதணுமாம். செனாவாங் அம்மாவக் கேட்டேன். அது ஆயா குடும்பத்துச் சாமி, அவுங்களக் கேளுன்னுட்டாங்க."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். இதுவரை சொன்னதெல்லாம் வாய்ப் பொய். இது எழுத்தில் ஏறி, கல்வெட்டாகி, நான் போன பிறகும் நிற்கும். அதற்குக் கீழே, முதலில் யாருக்காகக் கல் வைத்தது என்று அந்தப் பிள்ளையின் பேரும் இருக்கும். முதலில் செனாவாங்குக்குப் போக வேண்டும், கொண்டுபோய் விடுவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

தங்கச்சி ஃபிளாட்டில் தரையில் பேப்பரை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடித்து வந்த மருமகள் உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசலாம் என்றாள். அவள் தலைமுடி என்னுடையதைவிட வெள்ளையாகிவிட்டது. நானும் உட்கார்ந்து ஒரு பிடி நெத்திலியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கையில் வேலை இருந்தால்தான் எனக்கு வாய் வரும். எல்லாவற்றையும் சொன்னேன். வேரடியானை நான் உண்டாக்கினது, பட்டியல் என்று மிரட்டினது, மொத பேரு ஒம்பேருதான் என்றது, நான் அசையலல்ல ஆயா என்று பிள்ளை கேட்டது, அப்படியே கெட என்று நான் சொன்னது, நெற்றியைத் தொடாதது. ஒன்றையும் விடவில்லை.

அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஏழெட்டு மீனைக் கிள்ளினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். சாமி இல்லை என்றால் என் பிள்ளை யார் மடியில் இருக்கிறாள் என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் தவித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு.

"அக்கா, அன்னிக்கு அவ தண்ணி கேட்டாளா?"

நான் யோசித்தேன். பிள்ளையின் கண், கை, போர்வை, பால் கொடுக்க வந்த பெண்கள், அவர்கள் சிரிப்பு, எல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை.

"நெனப்பில்ல தங்கச்சி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரில பாத்தப்ப ஒதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. கேட்டு நீங்க குடுக்காம விட்டீங்களா, இல்ல பேசுனா அசஞ்சதா ஆயிரும்னு கேக்காமயே கெடந்தாளா? எனக்கு அது தெரியணும்."

மறுபடியும் நினைப்பில்லை என்றேன். சாமியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்துவிட்டாள்.

"சாமிய விடுங்க. அத நான் பாத்துக்கறேன்."

பேப்பரை மடித்துத் தலைகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். எனக்குத் தண்ணியும் கொடுக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. நானாகக் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

காரில் தலைவரிடமும் சொன்னேன். செனாவாங் தாண்டினதும் அவர் காரை ஓரம்கட்டி நிறுத்தினார். பிறகு, "இத எப்படி ஆயாம்மா பாரத்துல எழுதறது?" என்றார். கடைசியில் அந்தக் கட்டத்தில் பூர்வீகம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சாமி புது இடத்துக்குப் போகப் போகிறது. புதிதாக நட ரப்பர் கன்றுக்கு அலைகிறார்கள். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தங்கச்சி போன் செய்கிறாள். நலம் விசாரிப்பதில்லை. "நெனப்பு வந்துச்சாக்கா?" என்பாள். இல்லை என்பேன். வைத்துவிடுவாள். கேட்டாள், நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதுவும் வேரடியானைப் போலத்தான் ஆகும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வராத ஞாபகம் வேறு யாருக்காவது இருக்கலாம். அன்றைக்குக் கொட்டகையில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவள் பாய்க்கு இந்தப் பக்கம் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, அந்தப் பக்கம் பால் லாரி ஓட்டியவரின் மகன், தலைமாட்டில் இரட்டைப் பிள்ளைகள். இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது அவர்களைத் தெரிந்தால், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். அவள் தண்ணீர் கேட்டாளா, நான் எழுந்து போனேனா என்று. நான் சொன்னதில் மற்றவையும் தப்பாக இருந்தால் திருத்துங்கள், எந்த வேளை, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம். தண்ணீர்ப் பானை வாசலுக்கு வலது பக்கம், திண்டில் கொட்டிய மணல் மேல் இருந்தது, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். அதையாவது நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.